பாரிஸ் மாடிவீட்டைக் கீழிருந்து படியுங்கள்: 19ஆம் நூற்றாண்டு அச்சுப்படங்களுக்கு ஒரு வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் சாமானிய ஜனம் எப்படிக் குடியிருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால், பெரிய எண்ணெய் ஓவியங்கள் அதிகம் உதவாது. அவற்றில் யுத்தமும் புராணமும் பிரபுக்களின் முகங்களும்தான் நிறைந்திருக்கும். வாடகை பாக்கி, ஒழுகும் கூரை, பக்கத்து வீட்டுச் சத்தம், மாடிப்படியில் தூக்கிப்போகும் தண்ணீர் வாளி, இதெல்லாம் இடம்பிடித்தது அச்சுப்படங்களில். பத்திரிகையோடு வந்தவை, கடை ஜன்னலில் தொங்கியவை, புத்தகத்துக்கு நடுவே வந்தவை என்று ஆயிரக்கணக்கில் அவை மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் பார்க்கலாம்.

பார்ப்பது சுலபம், படிப்பதில்தான் சிக்கல். ஒரு படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, எதற்குச் சிரிக்கிறோம் என்று புரிவதில்லை. இன்னொன்றில் இருட்டுச் சந்து அழகாகத் தெரிகிறது, அதன் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் அடைந்து கிடந்தார்கள் என்பது தெரிவதில்லை. பிரெஞ்சு தெரியாத, கலை வரலாறு படிக்காத ஒருவர் எங்கே தொடங்கி எப்படிப் போகலாம் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் சில எண்கள்

1801இல் பாரிஸின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தரை லட்சம். 1851இல் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பது வருஷத்தில் ஜனம் கிட்டத்தட்ட இரட்டித்தது. நகர எல்லை மட்டும் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்து 12 வட்டாரங்களை 20 ஆக்கியது 1860இல்தான். அதுவரை வந்தவர்களெல்லாம் பழைய நகரத்துக்குள்ளேயே ஒண்டினார்கள். பக்கவாட்டில் இடம் இல்லாததால் வீடுகள் மேலே ஏறின, உள்ளே துண்டாடப்பட்டன. முற்றத்துக்குள் இன்னொரு கட்டடம், கூரைக்கடியில் இன்னொரு அறை, படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு பொந்து.

வந்தவர்களில் பலர் கிராமத்துக் கூலிகள். பிரான்சின் நடுப்பகுதியிலிருக்கும் லிமுசேன், கிரேஸ் பக்கத்திலிருந்து கொத்தனார்கள் ஒவ்வொரு வருஷமும் வேலைக்காலத்துக்கு வந்து, கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, விடுதி அறைகளில் கும்பலாகத் தங்கினார்கள். இந்த லிமுசேன்காரர்களை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு படத்தில் வருவார்கள்.

1832 வசந்தத்தில் காலரா வந்தது. பாரிஸில் மட்டும் சுமார் 18,000 பேர் இறந்தார்கள். பிரதமர் கசிமிர் பெரியேயும் அதில் போனார். நெரிசலான வட்டாரங்களில் சாவு அதிகம் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று முதல் இடுக்கு வீடு என்பது ஏழையின் தலைவிதி என்று விட்டுவிட முடியாத நகரப் பிரச்சினையாயிற்று. குடியிருக்கத் தகாத வீடுகள் பற்றிய முதல் சட்டம் 1850இல் வந்தது.

முதல் படி: ஒரே ஒரு படத்தோடு ஆரம்பியுங்கள்

தொடக்கத்துக்கு என் சிபாரிசு பெர்த்தால் வரைந்த ‘பாரிஸ் வாழ்வின் ஐந்து தளங்கள்’. எத்சல் வெளியிட்ட ‘பாரிஸில் சாத்தான்’ என்ற இரண்டு பாகப் புத்தகத்துக்காக வரைந்தது. தலைப்பிலேயே 1845 ஜனவரி 1 என்று தேதி இருக்கிறது. ஒரு மாடிவீட்டின் முன்சுவரை உரித்து எடுத்துவிட்டால் உள்ளே என்ன தெரியுமோ அதுதான் படம்.

படத்தைப் பெரிதாக்கிக் கீழிருந்து மேலே போங்கள். தரைத்தளத்தில் வாயில்காப்பவரின் குடியிருப்பு, சமையலறை. முதல் மாடியில் பணக்காரத் தம்பதி. அகலமான அறை, நல்ல இருக்கைகள், இருவர் முகத்திலும் சலிப்பு. இரண்டாம் மாடியில் குழந்தைகளோடு ஒரு வசதியான குடும்பம். மூன்றாம் மாடிக்குப் போனால் வாடகை கேட்டு வந்து நிற்கும் வீட்டுக்காரர். கூரையடியில் தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லாத ஒரு ஏழைக் குடும்பம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் காசில்லாத கலைஞர் கூட்டம்.

நாம் இன்று உயரத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு அதிக விலை கொடுக்கிறோம். அன்று லிஃப்ட் இல்லை. தண்ணீரும் விறகும் மனிதனின் தோளில் ஏறவேண்டும். அதனால் படி ஏற ஏற வாடகை இறங்கியது. முதல் மாடிதான் கௌரவமான தளம்.

இப்போது ஒவ்வொரு தளத்திலும் எத்தனை தடுப்புச் சுவர்கள் என்று எண்ணுங்கள். அதே அகலமுள்ள வீடுதான். கீழே விசாலமாக இருப்பது மேலே போகப்போகக் கூறுபோடப்படுகிறது. கூரை சாய்வதால் கடைசி அறைகளில் நிமிர்ந்து நிற்கும் இடமும் குறைகிறது. நெரிசல் என்றால் படத்தில் தலைகள் கூட்டமாகத் தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது புதிதாக வருபவர்களின் பழக்கம். இந்தப் படங்களில் அது பெரும்பாலும் சுவராக, படிக்கட்டாக, உயரமாகத்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணக்காரனும் பரம ஏழையும் ஒரே வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். 1853இல் ஓஸ்மான் பாரிஸ் அடங்கிய செய்ன் மாவட்டத்தின் பிரிஃபெக்ட் (அரசு நியமிக்கும் நிர்வாகத் தலைவர்) ஆகி, மூன்றாம் நெப்போலியனுக்காக நகரத்தை இடித்துக் கட்டத் தொடங்கிய பிறகு, ஏழைகள் கிழக்கு ஓரத்துக்கும் புறநகருக்கும் தள்ளப்பட்டார்கள். பெர்த்தால் படத்திலுள்ள ஏற்பாடு அதற்கு முந்தையது. அதற்காக அதை நல்லிணக்கப் படம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போனதில்லை.

இரண்டாம் படி: அடியிலுள்ள எழுத்தைக் கைவிரலால் மூடுங்கள்

அடுத்து வருபவர் தவிர்க்கமுடியாத ஆள்: ஓனோரே தோமியே (1808–1879). மார்சேயில் பிறந்து, சிறுவயதிலேயே பாரிஸுக்கு வந்தவர். ஏறக்குறைய 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்தார். அவற்றில் பெரும்பகுதி ‘லெ ஷரிவரி’ என்ற நாளேட்டுக்காக. சார்ல் பிலிப்போன் 1832இல் அதைத் தொடங்கினார்.

தோமியே படங்களின் அடியில் இரண்டு மூன்று வரி வசனம் இருக்கும். அந்த வசனங்களில் பெரும்பாலானவற்றை அவர் எழுதவில்லை. பிலிப்போனோ பத்திரிகையில் இருந்த வேறு யாரோ எழுதினார்கள். அதாவது ஒரு கை வரைந்தது, இன்னொரு கை சிரிக்கவைத்தது. அதனால் முதலில் வசனத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். அறையில் என்ன இருக்கிறது? கட்டில் எங்கே, அடுப்பு இருக்கிறதா, துணி எங்கே காய்கிறது, ஜன்னலுக்கு வெளியே தெரிவது வானமா எதிர்ச் சுவரா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு வசனத்தைப் படியுங்கள். பல தடவை வசனம் சொல்லாததைப் படம் சொல்லியிருக்கும். என் அனுபவத்தில் வசனம் பழசாகிவிடுகிறது, அறை பழசாவதில்லை.

வசனத்தைத் தவிர ஓரங்களில் பொடி எழுத்தும் இருக்கும். ‘டெல்.’ என்று முடிந்தால் வரைந்தவர், ‘ஸ்கல்ப்.’ என்றால் செதுக்கியவர், ‘இம்ப்.’ என்றால் அச்சிட்டவர்; ‘ஷே ஓபேர்’ என்று கண்டால் ஓபேர் கடையில் விற்றது என்று பொருள். பிலிப்போனின் குடும்பத்தோடு தொடர்புள்ள கடை அது. பத்திரிகை வாங்கக் காசில்லாதவர்கள் அந்தக் கடை ஜன்னல் முன் நின்று ஓசியில் பார்த்துவிட்டுப் போனார்கள். திராவியேஸ் 1831இல் வரைந்த கேலிப்படம் ஒன்றில் அந்த ஜன்னலும் அதன் முன் முண்டியடிக்கும் கூட்டமும் அப்படியே இருக்கின்றன.

மூன்றாம் படி: எப்படி அச்சானது என்று கண்டுபிடியுங்கள்

இது கலை மாணவர்களுக்கான நுணுக்கம் என்று தாண்டிவிடாதீர்கள். எந்த முறையில் அச்சானது என்று தெரிந்தால், படம் யாருக்காக, எவ்வளவு அவசரத்தில் பிறந்தது என்று தெரியும்.

கல்லச்சு என்றால் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கிரேயானால் நேரடியாக வரைவது. பென்சில் கோடுபோல மிருதுவாக, மணல் தூவியதுபோல இருக்கும். செதுக்கும் வேலை இல்லாததால் சீக்கிரம் முடியும், நாளேட்டுக்குத் தோதானது. ஷரிவரியின் தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் பத்திரிகைச் செய்தி இருக்கும், சில பிரதிகளில் அந்த எழுத்து இந்தப் பக்கம் நிழலாகத் தெரியும். பின்பக்கம் காலியாக, நல்ல வெள்ளைத் தாளில் இருந்தால் அது சேகரிப்பாளர்களுக்குத் தனியாக அச்சிட்டது. அருங்காட்சியகத் தளங்களில் பின்பக்கப் படமும் இருந்தால் தவறாமல் பாருங்கள். (அன்றைய காகிதமே கந்தல் துணியில் செய்தது. தெருவில் கந்தல் பொறுக்கியவரைக் கவார்னியும் திராவியேஸும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். பொறுக்கப்பட்ட கந்தல் இப்படித்தான் படத்தின் தாளாகத் திரும்பி வந்தது.)

மரச்செதுக்கு என்பது பாக்ஸ்வுட் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் உளியால் செதுக்குவது. எழுத்துக்கோவையோடு சேர்த்தே அச்சடிக்கலாம் என்பதால் புத்தகங்களுக்கும், 1843இல் தொடங்கிய ‘லில்லுஸ்த்ராசியோன்’ போன்ற படப் பத்திரிகைகளுக்கும் இதுதான் வழி. பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. பெரிய படம் வேண்டுமானால் சிறு கட்டைகளைச் சேர்த்துப் பூட்டவேண்டும். படத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு நேராக ஓடினால், அது இரண்டு கட்டைகள் சேர்ந்த இடம். பெர்த்தாலின் வீடு இந்த வகை.

மூன்றாவது எச்சிங். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிடுவது. ஊசிமுனைக் கோடுகள், கறுப்பு ஆழமாக விழும். குறைந்த பிரதிகள்தான் எடுப்பார்கள், வாங்கியவர்களும் ரசனைக்காக வாங்கியவர்கள். பழைய சந்துகளின் அழகு இதில்தான் அதிகம், அதே காரணத்தால் அவற்றின் நாற்றம் இதில்தான் குறைவு.

பொதுவான ஒரு எச்சரிக்கை: கல்லிலோ தகட்டிலோ நேராக வரைந்தால் தாளில் இடம் வலமாகும். தெருவைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடும்போது பொருந்தவில்லை என்றால், படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பாருங்கள்.

நான்காம் படி: தெருவை வைத்துக் காலத்தைச் சொல்லுங்கள்

தேதி இல்லாத தெருக்காட்சி கையில் கிடைத்தால் முதலில் தரையைப் பாருங்கள். தெருவின் நடுவில் சாக்கடை ஓடினால், இரண்டு பக்கமும் நடைபாதை இல்லாவிட்டால், அது பழைய அமைப்பு. 1833 முதல் 1848 வரை பிரிஃபெக்டாக இருந்த ராம்புத்தோ காலத்தில் தெருவின் நடுவை மேடாக்கி, சாக்கடையை ஓரத்துக்குத் தள்ளி, நடைபாதை போடும் வேலை பரவியது. அடுத்து விளக்கைப் பாருங்கள். தெருவின் குறுக்கே கயிறு கட்டி நடுவில் தொங்கும் எண்ணெய் விளக்கு பழசு. எரிவாயு விளக்குக் கம்பம் தெரிந்தால் படம் 1829க்குப் பிந்தியது. சந்துகளில் பழைய விளக்கு நெடுநாள் தொங்கியதால் இதை மட்டும் நம்பித் தேதி போடக்கூடாது, இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரவேண்டும்.

தோளில் இரண்டு வாளி சுமந்து போகும் ஆள் தண்ணீர் விற்பவர். வீட்டுக்குள் குழாய் வராத காலம் அது. கட்டட முகப்பில் ஜன்னல்கள் குறைவாக, சில ஜன்னல்கள் செங்கல் வைத்து அடைபட்டதாகத் தெரிந்தால், கதவு ஜன்னல் வரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1798இல் வந்த அந்த வரி 1926 வரை போகவில்லை. திறப்பு ஒவ்வொன்றுக்கும் வரி என்றால் வீட்டுக்காரர் காற்றைத்தானே மிச்சம் பிடிப்பார்?

இந்தப் பயிற்சிக்கு ஏற்றவர் சார்ல் மெரியோன் (1821–1868). கடற்படை அதிகாரியாக இருந்தவர், நிறக்குருடு. வண்ணம் தனக்கு ஒத்துவராது என்று எச்சிங்குக்கு வந்தார். 1850 முதல் 1854 வரை பாரிஸின் பழைய மையத்தை 22 தகடுகளில் செய்தார். அவற்றில் ‘லா மோர்க்’ (1854) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்ன் நதியின் நடுவிலுள்ள சிதே தீவின் கரையில், அடையாளம் தெரியாத பிணங்களை வைக்கும் கட்டடம். படத்தின் கீழ்ப்பகுதியில் துணி துவைக்கும் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அதற்கு மேலே கரையில் நதியிலிருந்து எடுத்த ஒரு உடலைத் தூக்கிப் போகிறார்கள். ஒரு பெண் கதறுகிறாள். சுவரின் மேல் சாய்ந்து கும்பல் வேடிக்கை பார்க்கிறது. அதற்கும் மேலே, படத்தின் பாதிக்குமேல், வீடுகள். ஒன்றன் முதுகில் ஒன்று ஏறியதுபோல, ஜன்னலுக்கு மேல் ஜன்னலாக, கடைசியில் புகைபோக்கிக் கூட்டம். துவைப்பது, சாவது, வேடிக்கை பார்ப்பது, குடியிருப்பது நான்கும் ஒரே சுவரை ஒட்டி நடக்கின்றன. இடமில்லாத ஊரின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய தகடு எனக்குத் தெரியாது. சில வருஷங்களில் அந்தத் தீவின் பெரும்பகுதியை ஓஸ்மான் தரைமட்டமாக்கினார். பிணக் கட்டடமும் 1864இல் வேறிடம் போயிற்று.

ஐந்தாம் படி: வீட்டுக்காரரைத் தேடுங்கள்

தோமியேயின் ‘குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரர்களும்’ தொடருக்குள் நுழைந்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. நாயோடு வந்தவருக்கு வீடு இல்லை, குழந்தை உள்ளவருக்கு வீடு இல்லை, கூரை ஒழுகுகிறது என்றால் பதில் இல்லை. வாடகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். சிறிய வீடுகளுக்கு 8ஆம் தேதி, பெரிய வீடுகளுக்கு 15ஆம் தேதி. அந்த நாட்களில் நகரமே கைவண்டியில் மெத்தை, கடிகாரம், பறவைக்கூண்டு ஏற்றிக்கொண்டு வீடு மாறியது. வண்டிச் சாமான்கள் தெரியும் கேலிப்படம் கண்ணில் பட்டால் அது இந்த நான்கு மாதங்களில் வந்ததா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பத்திரிகைக்காரர்கள் நாள்பார்த்துத்தான் போட்டார்கள்.

1850களில் வீட்டுக்காரருக்கு ‘மிஸ்யே வோத்தூர்’ என்றே பெயர், அதாவது பிணந்தின்னிக் கழுகார். ஒரு படத்தில் கழுகார் தெருவில் நின்று ஒரு கட்டடம் இடிபடுவதைப் பார்க்கிறார். முகமெல்லாம் சந்தோஷம். இன்னொரு வீடு போயிற்று, இனி என் குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் 200 பிராங்க் ஏற்றலாம் என்கிறார். பொருளாதாரப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எடுக்கும் விஷயம்.

ஏன் இத்தனை வீட்டுக்காரர் ஜோக்குகள்? இதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1832இல் அரசரைப் பேருண்டி அரக்கனாக வரைந்ததற்காகத் தோமியே சிறைக்குப் போனார். 1835 செப்டம்பரில் வந்த சட்டங்கள் படங்களுக்கு முன்தணிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தன. மந்திரியை வரைய முடியாதபோது வீட்டுக்காரரை வரைந்தார்கள். தணிக்கையாளர் கழுகாரைக் கண்டுகொள்ளமாட்டார். ஆகவே படத்தின் தேதியைக் கண்டதும், அது தணிக்கைக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். 1848 புரட்சியில் தளர்ந்த தணிக்கை 1852இல் மறுபடி இறுகியது.

ஆறாம் படி: இடிபாட்டுக்குள் எட்டிப் பாருங்கள்

1853 டிசம்பரில் ஷரிவரியில் வந்த தோமியே படம். நடுத்தர வயதுத் தம்பதி தெருவில் நிற்கிறார்கள். எதிரே பாதி இடித்த கட்டடம். மேல்தளத்து அறையின் சுவர் வெட்டவெளியில் தெரிகிறது. கணவர் சொல்கிறார்: அதோ பார் அதேல், நம் முதலிரவு அறை, இந்த லிமுசேன்காரர்களுக்கு எதன் மேலும் மரியாதை இல்லை. முன்னே சொன்ன கொத்தனார்கள் இவர்கள்தான். இடிக்கிறவரும் ஊருக்குள் ஒண்ட இடம் தேடுகிறவர், அதைப் பற்றி வசனத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

பெர்த்தால் கற்பனையில் உரித்த முன்சுவரை எட்டு வருஷம் கழித்துக் கடப்பாரை நிஜத்தில் உரித்தது. இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடிப்பு பற்றிப் படங்கள் மலைபோல் கிடக்கின்றன. மார்சியால் போத்தெமோன் என்பவர் மட்டும் 1860களில் ‘பழைய பாரிஸ்’ என்று 300 எச்சிங்குகள் செய்தார். அவசரத்துக்கு அவை நல்ல ஆவணம். ஆனால் ஒரு விஷயம்: போகப்போகிற தெருவைக் கடைசியாக வரைகிற கை எப்போதும் கொஞ்சம் ஏக்கத்தோடுதான் வரையும். சந்து வெறிச்சோடி இருக்கும், மூலையில் ஒரு பூனை நிற்கும். அங்கே குடியிருந்தவர்கள் அப்படி ஏங்கினார்களா என்பது வேறு கேள்வி.

ஏழாம் படி: யார் இல்லை என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஷரிவரியின் சந்தாதாரர் நடுத்தர வகுப்பு. அதனால் ஷரிவரியில் வரும் குறை நடுத்தர வகுப்புக் குடித்தனக்காரரின் குறை. அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, வாடகைதான் அதிகம். விடுதி அறையில் கட்டில் பங்குபோட்ட கொத்தனார், கூரையடியில் தைத்துக்கொண்டிருந்த பெண், இவர்களின் அறைக்குள் அச்சுப்படக்காரர் எத்தனை முறை நுழைந்தார்? பெர்த்தாலில் அவர்கள் மேல் ஓரத்தில் கொஞ்சம் இடம் பெற்றார்கள். தெருக்காட்சிகளில் கந்தல் பொறுக்குபவராக, தண்ணீர்க்காரராக, ‘வகை’களாக வந்துபோனார்கள். தோமியே 1840இல் ஒரு மருத்துவ நையாண்டி நூலுக்குச் செய்த மரச்செதுக்கில் காலரா காலத்துத் தெருவில் விழுந்து கிடக்கிறார்கள்.

அறைக்குள் நுழைந்த பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு: ‘ரு திரான்ஸ்னொனேன், 1834 ஏப்ரல் 15’. அந்த ஏப்ரலில் பாரிஸில் கிளர்ச்சி. திரான்ஸ்னொனேன் தெரு 12ஆம் எண் வீட்டிலிருந்து சுட்டார்கள் என்று சொல்லி, சிப்பாய்கள் விடியற்காலையில் உள்ளே புகுந்து, படுக்கையிலிருந்து எழுந்தவர்களைக் கொன்றார்கள். தோமியே அங்கே ஒரு அறையைக் காட்டுகிறார். இரவுச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் கட்டிலில் சாய்ந்து சரிந்து கிடக்கிறார். அவர் உடலுக்கடியில் ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. இடப்பக்க இருட்டில் ஒரு பெண். வலப்பக்க ஓரத்தில் ஒரு கிழவரின் தலை. நாற்காலி கவிழ்ந்திருக்கிறது. மூன்று தலைமுறை ஒரே அறைக்குள், ஒரே கட்டிலைச் சுற்றி.

கொடுமையைப் பார்த்துவிட்டு அறையையும் பாருங்கள். கட்டில், போர்வை, நாற்காலி. சுவரில் கண்ணைப் பிடிக்கும் அலங்காரம் எதுவும் இல்லை. கேலி இல்லை, வசனம் இல்லை, தெருப்பெயரும் தேதியும் மட்டும். உழைப்பாளிக் குடும்பம் தூங்கிய அறை அந்தக் காலத்து அச்சில் இவ்வளவு நேராக வேறெங்கும் காட்டப்பட்டதாக நான் பார்க்கவில்லை. அதற்கு அவர்கள் சாகவேண்டியிருந்தது. பத்திரிகை மீது விழுந்த அபராதங்களைக் கட்டப் பிலிப்போன் நடத்திய மாதச் சந்தாத் தொடரில் படம் வெளிவந்தது. போலீஸ் கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிற்று. தெருவும் 1851இல் பெயர் இழந்து போபூர் தெருவோடு சேர்ந்துவிட்டது.

எட்டாம் படி: ஒரு பக்கவழி லண்டனுக்கு

பிரெஞ்சுக்காரர் கண்ணில் ஏழை வீட்டு வரிசையை முழுசாகப் பார்க்கவேண்டுமானால் விந்தையாக லண்டனுக்குத்தான் போகவேண்டும். குஸ்தாவ் தொரே 180 மரச்செதுக்குகளோடு லண்டன் பற்றிய புத்தகத்தை 1872இல் வெளியிட்டார். எழுதியவர் பிளான்சர்ட் ஜெரல்ட். ரயில் பாலத்தின் வளைவுக்குள்ளிருந்து கீழே பார்க்கும் படத்தைத் தேடிப்பிடியுங்கள். ஒரே மாதிரி வீடுகளின் பின்கட்டுகள் வளைந்து வளைந்து போகின்றன. ஒவ்வொரு பொட்டு முற்றத்திலும் துணி, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னதாக ஆட்கள். தொரே அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரையவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு போய் நினைவிலிருந்து வரைவது அவர் வழக்கம். அதனால் செங்கல் கணக்குக்கு இதை நம்பாதீர்கள். வெளியூர்க்காரர் என்பதால் அந்த ஊர்க்காரர் கண்ணுக்குப் பழகிப்போனதை அவர் கண்டார் என்பதற்காகப் பாருங்கள்.

நூற்றாண்டின் கடைசிக்கு ஒரு படம் போதும். பியேர் பொன்னார் 1899இல் வொல்லார் வெளியீடாகக் கொண்டுவந்த வண்ணக் கல்லச்சுத் தொகுப்பில் ‘முற்றத்து வீடு’ என்று ஒன்று. ஜன்னல் வழியே எதிர் ஜன்னல்கள், ஒரு பெண் துணி உதறுகிறாள். நெரிசல் அப்படியே இருக்கிறது, ஆனால் அது இப்போது குறையாகத் தெரியவில்லை, சுவரில் மாட்டும் வடிவமாகிவிட்டது.

எங்கே பார்ப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் பத்திரிகைகளை இதழ் இதழாகப் புரட்டலாம். பாரிஸ் நகர அருங்காட்சியகங்கள் 2020 முதல் தங்கள் படங்களைக் கட்டுப்பாடில்லாமல் கொடுக்கின்றன. இந்தத் தலைப்புக்கு அவற்றில் கர்னவாலே அருங்காட்சியகம் முக்கியம். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கூடம் இரண்டிலும் நல்ல தரத்தில் இறக்கிக்கொள்ளலாம். தோமியேக்கு மட்டும் என்றால் பிராண்டைஸ் பல்கலைக்கழகத் தொகுப்பு. பிரெஞ்சுத் தளங்களில் பிரெஞ்சில்தான் தேட வேண்டும். ஓவியர் பெயரையும் படத் தலைப்பையும் விக்கிப்பீடியாவிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துப்பிழைத் தொல்லை இல்லை. வசனத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பாதி புரியும். தெருப்பேச்சும் சிலேடையும் வந்தால் செயலி உளறும், அங்கே கல்லிக்காவில் அந்த நாளின் பத்திரிகைச் செய்தியைப் பார்ப்பது மேல்.

இறக்கிய ஒவ்வொரு படத்தோடும் ஓவியர், தலைப்பு, ஆண்டு, அச்சுமுறை, எந்த அருங்காட்சியகம், அங்கே அதன் எண் என்ன என்று எழுதி வையுங்கள். தோமியே, மெரியோன் இருவருக்கும் லோயிஸ் தெல்தேய் போட்ட பட்டியல் எண் இருக்கிறது. ஒரே படம் பத்துத் தலைப்பில் இணையத்தில் அலையும்போது அந்த எண்தான் காப்பாற்றும். திரான்ஸ்னொனேன் படத்துக்கு எல்.டி. 135 (எல்.டி. என்பது தெல்தேய் பெயரின் முதலெழுத்துகள்). மெரியோன் தன் தகடுகளை அடிக்கடி மாற்றி மாற்றி அச்சிட்டவர், அப்படி மாற்றிய ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள், அதனால் அவர் படத்துக்கு எந்த நிலை என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஒரே பாலத்தின் மேல் ஒரு நிலையில் பலூன் பறக்கும், வேறொரு நிலையில் பறவைகள் பறக்கும்.